அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

பள்ளி ஆண்டு மலருக்கு எகிப்து அனுபவம் எழுதித் தரச் சொல்லிப் பிரியா என்னை வரச் சொல்லியிருந்தாள். பிரியா இப்போது அங்கே கணக்கு டீச்சர். நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் உட்காருகிறாள். "பிரமிடு, ஒட்டகம், நைல் நதி எல்லாம் வர்ற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மிஸ், பொண்ணுங்க ஆசையா படிப்பாங்க" என்றாள். நான் கெய்ரோவில் பதினொரு வருடம் இருந்தேன். பிரமிடுக்கு இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் தலைவலியோடு திரும்பினேன். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பேசிக்கொண்டே தன் போனை என் பக்கம் திருப்பினாள். பள்ளிக்குப் புதிதாக ஒரு ஆப் வந்திருக்கிறதாம். டெஸ்ட் மார்க்கை அதில் போட்டால் அடுத்த நிமிடமே வீட்டுக்குப் போய்விடுமாம். "முன்ன மாதிரி அப்பாவக் கூட்டினு வான்னு கத்திகினு இருக்க வேணாம் மிஸ். மார்க் போட்ட உடனே அவர் போன்லயே போய் நிக்கும்" என்றாள். முகமெல்லாம் பெருமை. என்னால் அதில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. அதனால்தான் பிரமிடை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் பி.எட். முடித்து வேலைக்கு வந்தபோது வயது இருபத்து மூன்று. பயிற்சியில் கற்றது, கரும்பலகையில் கோணாமல் எழுதுவதும் வகுப்புக்கு முதுகு காட்டாமல் நிற்பதும்தான். மீதியெல்லாம் மூத்த டீச்சர்களைப் பார்த்து வந்தது. அதில் முதல் பாடம் "அப்பாவக் கூட்டினு வா." நோட்டு எழுதவில்லையா, மார்க் குறைந்ததா, அப்பாவைக் கூட்டி வர வேண்டும். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பெண்கள் அப்பாவை நைனா என்பார்கள். அவர்களிடம் "நைனாவக் கூட்டினு வா." வரும்வரை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துச் செய்ததில்லை, வாயில் தானாக வரும். எனக்கு 'அரை மார்க் எஸ்தர்' என்று பட்டப்பெயர் இருந்தது. கடைசி வரியில் ஒரு குறி தப்பினாலும் அரை மார்க்கை வெட்டிவிடுவேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

கணவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். கெய்ரோவில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் வேண்டும் என்று சென்னையில் நேர்காணல் நடந்தது. போனேன், கிடைத்தது. "இஸ்ரவேல் ஜனங்க தப்பிச்சு ஓடியாந்த ஊருக்கு நீ இன்னாத்துக்கு போற?" என்று கேட்டார் அண்ணன். அதற்கு அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

ஷூப்ரா என்ற நெரிசலான பகுதியில் ஐந்தாம் மாடியில் வீடு. லிஃப்ட் இருந்தது, நான் இருந்தவரை அது ஓடியதாக நினைவில்லை. அங்கே பெண்கள் பால்கனியிலிருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்குவார்கள். கீழே கட்டடக் காவலாளி அதில் ரொட்டியும் தக்காளியும் போட்டுக் குரல் கொடுப்பார். முதல் மாதம் கௌரவம் பார்த்துக்கொண்டு படியிறங்கி ஏறினேன், முட்டி வலி வந்ததும் நானும் கூடை வாங்கிவிட்டேன். அரிசி குட்டையாக, பிசுபிசுவென்று இருக்கும். ரசம் ஊற்றினால் களியாகிவிடும். புளி கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்காது. வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் இருக்க வேண்டியவள் கரும்பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருப்பேன். அது பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. யாராவது ஏமாற்றப் பார்த்தால் "நான் என்ன இந்தியனா?" என்பார்கள். என்னை என்ன விவரம் கெட்டவன் என்று நினைத்தாயா என்று அர்த்தம். முதல் வருடம் நான் ஒரு கணக்கைச் சுருக்கு வழியில் போட்டுக் காட்டியபோது, முன் வரிசைப் பெண் ஒருத்தி நம்பாமல் பக்கத்துப் பெண்ணிடம் இதையே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவள் யார் என்று உறைத்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்த வகுப்பு எனக்கு ஒட்டியது. நாக்கைக் கடித்தவள் பெயர் ஹனா. வயது பதினான்கு. மற்ற பாடமெல்லாம் நன்றாக வரும், கணக்கு மட்டும் வராது.

எங்கள் பிரிவுக்குத் தலைவி மேடம் சுஹேர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது கோபமாக உள்ளே வந்தால் முதலில் டீ ஊற்றுவார். சின்னக் கண்ணாடிக் கிளாஸ், மூன்று கரண்டி சர்க்கரை, மேலே புதினா. குடித்து முடிக்கும்வரை பேச விடமாட்டார். பாதிக் கோபம் அதிலேயே போய்விடும். தேர்வு அறையின் சாவியை ஊக்கு போட்டு உடுப்பின் உள்பக்கம் மாட்டியிருப்பார். அந்த அறைக்குக் கன்ட்ரோல் என்று பெயர்.

விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் டீவி பார்த்துக்கொண்டு திருத்துகிற கதையெல்லாம் அங்கே கிடையாது. பெயர் எழுதிய மூலையைக் கிழித்துத் தனியே பூட்டிவிட்டு, தாளில் ஒரு ரகசிய எண்ணைப் போடுவார்கள். டீச்சர்கள் எல்லாரும் கன்ட்ரோல் அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து திருத்த வேண்டும். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் வேறு நிற மையில் சரிபார்ப்பார். கூட்டலை மூன்றாமவர் பார்ப்பார். கதவை மூடும்போது தாளில் கையெழுத்துப் போட்டு இடுக்கில் ஒட்டுவார்கள். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊருக்குக் கடிதமே எழுதினேன்.

அதற்குப் பிறகு வருவதுதான் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் மேடம் சுஹேரும் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்து, சில மார்க்கில் தவறிய தாள்களை எடுத்து வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுத் தேற்றிவிடுவார்கள். அதற்கு இரக்க மதிப்பெண் என்று பெயர், விதியிலேயே இடமுண்டு. இரண்டாம் வருட அரையாண்டில் என்னையும் உட்கார வைத்தார்கள். ஒரு கணக்குத் தாளுக்கு மேடம் நான்கு மார்க் போட்டார்.

"யாரோட தாள்னே தெரியாது மேடம். எதுக்கு இரக்கம்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சு போட்டா அதுக்குப் பேரு சிபாரிசு" என்றார் அவர். அங்கே எல்லாரும் பேசியது அரபியும் ஆங்கிலமும் கலந்து. எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

தெரியாது என்று சொன்னேனே தவிர, எனக்குத் தெரிந்திருந்தது. ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவள் அந்த வகுப்பில் ஹனா ஒருத்திதான். மேடத்துக்கும் தெரிந்திருக்கும். சிடுசிடுவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவளுடைய பழைய மார்க்கை எடுத்துப் பார்த்தால், மூன்று வருடமாக அதே இரக்கத்தில்தான் வண்டி ஓடியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையை இப்படியா கெடுப்பார்கள் என்று நினைத்தேன். கோப்பில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது. அப்பாவின் போன் எண் அடிக்கப்பட்டு அம்மாவின் எண் மட்டும் இருந்தது. நான் சேர்ந்த முதல் வாரமே மேடம் சொல்லியிருந்தார், "புள்ளி இருந்தா என்னைக் கேக்காம வீட்டுக்கு எதுவும் சொல்லி அனுப்பாதே" என்று. கேட்கவில்லை. அலுவலகக் கிறுக்கல் என்று கோப்பை மூடினேன்.

மறுநாள் வகுப்பில் ஹனாவை எழுப்பி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

"அம்மா வருவாங்க மிஸ். இன்னைக்கே வரச் சொல்றேன்."

"அம்மா வேண்டாம். அப்பா."

"அப்பாவுக்குப் பட்டறையில வேலை மிஸ். அம்மாவே வந்து கையெழுத்துப் போடுவாங்க."

"அவர் வரும்வரை வெளியே நில்."

மூன்று நாள் நின்றாள். எங்கள் வகுப்பு திறந்த நடைபாதையை ஒட்டி இருந்தது. கம்சீன் என்று ஒரு பாலைவனக் காற்று உண்டு, வீசினால் வானமே செம்மண் நிறமாகிவிடும். இரண்டாம் நாள் அது தொடங்கியது. கதவை மூடிக்கொண்டு பாடம் எடுத்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் அவள் புருவமெல்லாம் தூசியோடு குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

நான்காம் நாள் அப்பா வந்தார். தச்சுப் பட்டறை வைத்திருப்பவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். டீச்சரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்று வாங்கி வந்திருக்கிறார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் அவள் வகுப்புத் தேர்வுத் தாள்களைப் பரப்பிக் காட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தேறுவாளா?"

"இப்படியே போனா தேறமாட்டா."

எங்கள் ஊரில் அது பாதி மிரட்டல். அப்பாமார்களும் அப்படியே எடுத்துக்கொண்டு, டீச்சர் எதிரில் பெண்ணை இரண்டு திட்டு திட்டிவிட்டு, நாளையிலிருந்து ஒழுங்காகப் படிப்பாள் என்று சொல்லிப் போவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் திட்டவில்லை. எழுந்து நெஞ்சில் கை வைத்து, "மூணு வருஷத்துல எனக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார். கதவருகே நின்ற ஹனா என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று மாலை கொய்யாப்பழத்தைக் காவலாளிக்கும் பங்கு கொடுத்தேன்.

ஹனா மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடம் சுஹேர் கூப்பிட்டு அனுப்பினார். டீ ஊற்றினார். குடித்து முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்பா வந்து ஹனாவின் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டதற்கான விண்ணப்பம். பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். கோப்பில் புள்ளி இருந்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். நேராக ஹனாவின் வீட்டுக்குப் போனோம்.

அந்த ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும், உள்ளே வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று பத்து தடவை சொல்வார்கள். ஹனாவின் அம்மா கதவைப் பாதி திறந்து, வழியை மறித்துக்கொண்டு நின்றார். அப்பாதான் உள்ளிருந்து வந்து எங்களை உட்கார வைத்தார். ஹனா வீட்டில் இல்லை. தெற்கே, ரயிலில் ஏழெட்டு மணி நேரத் தூரத்தில், அவருடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

"அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்திருந்தேன் மிஸ். தேறுற வரைக்கும் படிக்கட்டும், தேறலைன்னா உன் பையனுக்குன்னு. வருஷா வருஷம் தேறிட்டான்னு சீட்டு வரும், நானும் சந்தோஷமா விட்டேன். நீங்க சொன்னப்புறம்தான் அதெல்லாம் மேடம் இரக்கப்பட்டுப் போட்ட மார்க்குன்னு புரிஞ்சுது."

வயதையாவது பாருங்கள் என்றார் மேடம். இரண்டு வருடம் நிச்சயத்தோடு இருக்கட்டும், கல்யாணம் பிறகுதான் என்றார் அவர். அவர் ஒன்றும் கொடியவர் இல்லை. கொடியவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வந்திருக்கும்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். அவ தேறிடுவா. சாயங்காலம் நானே உட்கார வச்சுச் சொல்லிக் குடுக்கிறேன்" என்றேன்.

அவர் மெல்லச் சிரித்தார். "அன்னைக்குச் சொன்னதுதான் மிஸ் உண்மை. இன்னைக்கு நீங்க இரக்கப்பட்டுப் பேசுறீங்க."

கிளம்பும்போது அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அவளுக்குக் கணக்கு வராதுங்கறத அவருக்குத் தெரியாம மூணு வருஷம் நான் மறைச்சு வச்சிருந்தேன்" என்றார். படியிறங்கும்போதே திறந்து பார்த்தேன். கணக்கு நோட்டு. நான் வெளியே நிறுத்திய மூன்று நாளும், ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கரும்பலகைக் கணக்கு அத்தனையையும் எழுதியிருக்கிறாள். பக்கங்களுக்கு நடுவில் மணல் இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுப்பாடம் நான்கு கணக்கு. மூன்று சரி. நான்காவதில் கடைசி வரியில் கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் குறி. அரை மார்க் வெட்ட வேண்டும் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மேடம் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. டாக்ஸியில் ஏறிய பிறகு, "நீ சொன்னது பொய் இல்ல. ஆனா யார்கிட்ட சொல்றோம்னு நீ பார்க்கல" என்றார். அதற்குப் பிறகு என்னோடு வேலை செய்த நாள்வரை இதைப் பற்றி எடுத்ததே இல்லை. நான்கு வருடம் கழித்து ஹனாவின் தங்கையைச் சேர்க்க அம்மா பள்ளிக்கு வந்தார். ஹனா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இருக்கா" என்றார். தங்கையின் கோப்பில் நானே பென்சிலால் புள்ளி வைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் எகிப்தில் நடந்த ஒரு துக்கம் என்று வைத்துக்கொண்டிருப்பேன். ஹனா வீட்டுக்குப் போய்வந்த வாரம், வெள்ளிக்கிழமை, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஒரு முகம் ஞாபகம் வந்தது. தேவகி. அம்மையார்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பெண், ஒன்பதாம் வகுப்பு. "நைனா வேணாம் மிஸ், அம்மாவக் கூட்டினு வரேன்" என்று கெஞ்சினாள். நைனாதான் வர வேண்டும் என்றேன். நெசவுக்காரர். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார். அரையாண்டுக்குப் பிறகு தேவகி வரவில்லை. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து 'இடைநின்றவர்' என்று எழுதியவள் நான்தான். ஏன் நின்றாள் என்று யாரையும் கேட்கவில்லை. அம்மையார்குப்பத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஞாபகம் அவளோடு நிற்கவும் இல்லை. துணியைக் கொடியில் போட்டபடியே இன்னும் நான்கைந்து முகங்கள் வந்தன. கெய்ரோவில் ஒரு ஹனாவுக்காக அழுதேனே, ஊரில் எத்தனை பேரை நிறுத்தி அனுப்பினேன் என்று எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, போன ஜூனில் தேவகியே என் வீட்டைத் தேடி வந்தாள். கல்யாணம் ஆகியும் அம்மையார்குப்பத்திலேயே இருப்பவள், மகளை எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்திருந்தாள். கீர்த்தனா என்று பெயர். "எங்க கணக்கு மிஸ்டி, கால்ல விழு" என்றாள் மகளிடம். அவளை உட்கார வைத்து, அன்றைக்கு நைனா என்ன செய்தார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல மிஸ். அடிக்கக்கூட இல்ல. மறுநாள் காலைல பைய எடுத்தேன். படிச்சது போதும், தறில உட்காருன்னாரு. அவ்ளோதான்."

"என் மேல கோவம் இல்லையாடி?"

"உங்க மேல இன்னா மிஸ் கோவம். நீங்க மார்க்கத்தான சொன்னீங்க" என்றாள். ஆசிரியை வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். போகும்போது, "இவ அப்பாவும் நைனா மாதிரிதான் மிஸ். பத்தாவது வரைக்கும் ஓட்டிடணும்" என்று மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

பிரியா போனைக் காட்டியபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் கீர்த்தனாதான். ஒன்பதாம் வகுப்பைத் திறக்கச் சொன்னேன். கீர்த்தனா, கணக்கு, ஐம்பதுக்குப் பதினொன்று. பக்கத்தில் ஒரு போன் எண்.

"இது யார் நம்பர்மா?"

"அவங்க அப்பாவுதுதான் மிஸ். எல்லாருக்குமே அப்பா நம்பர்தான் குடுத்திருக்காங்க."

"இதை அனுப்பாத. நம்பரை மாத்து. அவ அம்மா நம்பர் என்கிட்ட இருக்கு."

பிரியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "காலைலயே போயிடுச்சு மிஸ். பார்த்துட்டாரு, இதோ டிக் விழுந்துகினு இருக்கு பாருங்க" என்றாள்.

மணி மூன்றரை. வெளியே கீர்த்தனாவின் வகுப்பு பி.டி.யில் இருந்தது, சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு, அம்மையார்குப்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.